காலி லிஸ்ட் வேற, இல்லாத லிஸ்ட் வேற

லிஸ்ட்ல இருக்குற ஒவ்வொண்ணையும் வரிசையா எடுத்து ஒரே வேலைய செய்யுற ஃபோர் ஈச் லூப்ல ஒரு லிஸ்ட்ட குடுக்குறோம், அது காலியா இருந்தா லூப் ஒரு சுத்து கூட சுத்தாம அடுத்த வரிக்கு போயிடும், இதுல யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆனா அந்த வேரியபிள்ல லிஸ்ட்டே இல்ல, நல் (null), அதாவது எதுவுமே இல்லன்ற குறிதான் உக்காந்திருக்குன்னா என்ன ஆகும்னு நாலு பேர்கிட்ட கேட்டுப் பாருங்க, நாலு பதில் வரும், நாலுமே அவங்கவங்க லாங்வேஜ்ல சரியா இருக்கும். ஒருத்தர் எக்ஸெப்ஷன் (அந்த எடத்துலயே ஓட்டத்த நிறுத்துற எரர்) வரும்பார், ஒருத்தர் வார்னிங் குடுத்துட்டு ஓடும்பார், ஒருத்தர் ஒண்ணும் ஆகாதும்பார், இன்னொருத்தர் லூப் ஒரு தடவ சுத்தும்னு சொல்லுவார், அது கூட ஒரு இடத்துல உண்மைதான். ரொம்ப நாளா கோட் ரிவ்யூ பண்ணிட்டு இருக்கேன், இந்த சின்ன விஷயம் அளவுக்கு எல்லாரும் அலட்சியமா கடந்து போற விஷயம் வேற இல்லன்னு தோணுது, அதான் உக்காந்து விரிவா எழுதிடலாம்னு.

மொதல்ல ஜாவா, ஏன்னா உள்ள என்ன நடக்குதுன்னு அதுல பளிச்சுனு தெரியும். 2004ல ஜாவா 5 வந்தப்போதான் இந்த சுருக்கமான ஃபோர் லூப் வந்துச்சு, ஒரு கோலன் போட்டு லிஸ்ட் பேர எழுதினா போதும். ஆனா கம்பைலர் அத அப்படியே விடாது, பழைய பாணிக்கு மாத்திடும், அதாவது லிஸ்ட் மேல இட்டரேட்டர் மெத்தட கூப்பிடு, அடுத்தது இருக்கான்னு கேளு, இருந்தா எடு, திரும்ப கேளு. நாம எழுதின வரியில எந்த மெத்தட் காலும் கண்ணுக்கு தெரியாது, ஆனா மறைவா ஒரு கால் இருக்கு, நல் மேல மெத்தட் கூப்பிட்டா என்ன ஆகுமோ அதுதான் இங்கயும் ஆகும், நல் பாயின்டர் எக்ஸெப்ஷன். லிஸ்ட்டுக்கு பதிலா அரே குடுத்தா இட்டரேட்டர் கிடையாது, லெங்த் எடுக்கும், நல்லுக்கு லெங்த் ஏது, அதே எக்ஸெப்ஷன்தான். லூப்போட பாடிக்குள்ள ஒரு வரி கூட ஓடியிருக்காது, ஆனா லாக்ல லூப் இருக்குற வரி நம்பர்தான் வரும், அதனால புதுசா வர்றவங்க லூப்புக்குள்ள இருக்குற ஒவ்வொரு வேரியபிளையும் போட்டு துருவிட்டு இருப்பாங்க, பிரச்சன லூப் தலைப்புலயே இருக்கும்.

இதுக்கு ஜாவா 14ல, 2020ல, ஒரு நல்ல வசதி வந்துச்சு, ஜாவா 15ல இருந்து அது தானாவே ஆன்ல இருக்கும். எக்ஸெப்ஷன் மெசேஜ்லயே எத கூப்பிட முடியல, எது நல் அப்படின்னு விலாவாரியா சொல்லிடும். உதாரணமா ஆர்டர் ஆப்ஜெக்ட்ல இருந்து கெட்ஐட்டம்ஸ்னு ஒரு மெத்தட கூப்பிட்டு அத அப்படியே லூப்ல குடுத்திருந்தோம்னா, "கெட்ஐட்டம்ஸ் திருப்பி குடுத்தது நல், அதனால இட்டரேட்டர கூப்பிட முடியல" அப்படின்ற அர்த்தத்துல வரும். பழைய வெர்ஷன்ல இன்னும் இருக்குறவங்களுக்கு இதுக்காகவே மேல ஏறுங்கன்னு சொல்லுவேன், நடுராத்திரி லாக் பாக்குற ஆளுக்கு அந்த ஒரு வரி எவ்ளோ பெரிய உதவின்னு பாத்தவங்களுக்குதான் தெரியும்.

சி ஷார்ப்லயும் கதை கிட்டத்தட்ட இதேதான், ஃபோர்ஈச் மறைவா கெட்எனுமரேட்டர கூப்பிடும், நல் இருந்தா நல் ரெஃபரன்ஸ் எக்ஸெப்ஷன். ஆனா அதே நல்லை லிங்க் (LINQ, லிஸ்ட்ட வடிகட்டவும் மாத்தவும் சி ஷார்ப் தர்ற வசதி) மெத்தட் ஒண்ணுக்கு, வேர் இல்ல செலக்ட்டுக்கு குடுத்தா ஆர்க்யுமென்ட் நல் எக்ஸெப்ஷன் வரும், ஏன்னா அதெல்லாம் எக்ஸ்டென்ஷன் மெத்தட், நல்லை ஒரு ஆர்க்யுமென்ட்டா வாங்கிக்கிட்டு மொத வேலையா செக் பண்ணும். இதுல ஒரு இடத்துல நிறைய பேர் ஏமாந்து போறாங்க. 2015ல சி ஷார்ப் 6ல கேள்விக்குறி புள்ளி ஆபரேட்டர் வந்ததுல இருந்து, ஆர்டருக்கு பக்கத்துல கேள்விக்குறி போட்டு ஐட்டம்ஸ எடுத்து அத அப்படியே ஃபோர்ஈச்ல குடுத்துட்டு "இப்போ சேஃப்"னு நெனைக்கிறாங்க. சேஃப் கிடையாது. ஆர்டர் நல்-ஆ இல்லையான்னு பாத்து, நல் இருந்தா அந்த முழு எக்ஸ்ப்ரஷனும் நல் ஆகுது, அந்த நல் நேரா லூப்புக்கு போய் அங்க வெடிக்குது. கேள்விக்குறி நல்லை ஒழிக்கல, ஒரு படி தள்ளி வெச்சிருக்கு, அவ்ளோதான். லூப்புக்கு முன்னாடி அது நிக்கணும்னா ரெண்டு கேள்விக்குறி போட்டு வலது பக்கம் ஒரு காலி லிஸ்ட் குடுத்தாகணும், அப்படி குடுக்குறது சரியான்றது தனி கேள்வி, அதுக்கு வர்றேன்.

பைத்தான்ல நல்லுக்கு பேர் நன் (None), அது மேல லூப் போட்டா டைப் எரர், நன்டைப் இட்டரபிள் இல்ல, அதாவது சுத்தக்கூடியது இல்லன்னு நேரா சொல்லிடும். அங்க நன் எங்கிருந்து வருதுன்னு பாத்தா பெரும்பாலும் ரெண்டு வழி, ஒண்ணு ஃபங்ஷன்ல ஏதோ ஒரு இஃப் கிளைல ரிட்டர்ன் எழுத விட்டுப் போறது, ரிட்டர்ன் இல்லாத ஃபங்ஷன் நன் தான் குடுக்கும். இன்னொண்ணு லிஸ்ட் மேல சார்ட் கூப்பிட்டு அந்த ரிசல்ட் மேலயே லூப் போடுறது, சார்ட் இருக்குற லிஸ்ட்டயே வரிசைப்படுத்திட்டு நன் குடுக்கும், புது லிஸ்ட் வேணும்னா சார்ட்டட் ஃபங்ஷன் தனியா இருக்கு. ரூபில நல்லுக்கு பேர் நில், அது மேல ஈச் கூப்பிட்டா நோ மெத்தட் எரர், ஆனா நில்லுக்கு டூ_ஏ னு ஒரு மெத்தட் இருக்கு, அது காலி அரேவ குடுக்கும், அதனால அங்க வெளிப்படையா மாத்திக்க ஒரு வழி லாங்வேஜ்லயே இருக்கு.

ஜாவாஸ்கிரிப்ட் இதுல தனி உலகம். ஃபோர் ஆஃப்ல நல் குடுத்தா டைப் எரர் வரும், ஃபோர் இன்ல அதே நல்லை குடுத்தா ஒரு சத்தமும் இல்லாம லூப்ப தாண்டிப் போயிடும், ரெண்டு எழுத்து மாறினதுக்கு நடத்தையே தலைகீழ். மூணு புள்ளி ஸ்ப்ரெட்லயும் இதே ரெட்டை வேஷம்தான், சதுர பிராக்கெட்டுக்குள்ள நல்லை விரிச்சா எரர், சுருள் பிராக்கெட்டுக்குள்ள விரிச்சா காலி ஆப்ஜெக்ட். அதோட ஸ்ட்ரிங் மேல மேட்ச் கூப்பிட்டா, ஒண்ணுமே பொருந்தலன்னா காலி அரே வராது, நல் வரும். இது நல்லை தப்பான எடத்துல உபயோகிச்சதுக்கு ரொம்ப தெளிவான உதாரணம்னு நெனைக்கிறேன், தேடினேன் ஒண்ணும் கெடைக்கலன்றது ஒரு முழுமையான பதில், அதுக்கு காலி அரேதான் பொருத்தம். டாக்குமென்ட்ல குவெரி செலக்டர் ஆல் கூப்பிடுங்க, ஒண்ணும் இல்லன்னா காலி நோட் லிஸ்ட்தான் தருது, அத அப்படியே லூப்ல போடலாம். ஒரே ஒரு எலிமென்ட் கேக்குற குவெரி செலக்டர் நல் தருது, அதுவும் சரி, ஒண்ணு கேட்டதுக்கு இல்லன்னு சொல்ல வேற வழி கிடையாதே.

இது வரைக்கும் பெரும்பாலும் சத்தம் போட்டு விழுற லாங்வேஜ்கள். பிஎச்பி அப்படி இல்ல. அங்க ஃபோர்ஈச்ல நல் குடுத்தா ஒரு வார்னிங் வரும், லூப்ப தாண்டி ஸ்கிரிப்ட் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். பழைய வெர்ஷன்ல அந்த வார்னிங் தப்பான ஆர்க்யுமென்ட்னு மட்டும் மொட்டையா சொல்லும், பிஎச்பி 8ல இருந்து அரே இல்ல ஆப்ஜெக்ட் வேணும், நல் வந்திருக்குன்னு ஒழுங்கா சொல்லுது. ஆனா புரொடக்‌ஷன்ல வார்னிங்க யார் பாக்குறா? பேஜ் வந்துடுச்சு, ஸ்டேட்டஸ் 200 (எல்லாம் சரின்ற குறி), எல்லாம் பச்சையா இருக்கு. கவுன்ட் ஃபங்ஷன் விஷயத்துல பிஎச்பியே மனசு மாத்திக்கிட்டாங்க, ஒரு காலத்துல நல்லுக்கு கவுன்ட் கேட்டா சத்தமில்லாம 0, 7.2ல வார்னிங் ஆச்சு, 8ல டைப் எரர் ஆயிடுச்சு. ஃபோர்ஈச்ச இன்னும் வார்னிங்கோட விட்டு வெச்சிருக்காங்க. அதையும் எரர் ஆக்கணும்னுதான் என் எண்ணம், பழைய கோட் எவ்ளோ உடையும்னு தெரிஞ்சும் சொல்றேன்.

ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, லூப் ஓடாம போறதுன்றது எப்பவும் "ஒண்ணும் நடக்கல"ன்னு அர்த்தம் ஆகாது. லூப்புக்கு முன்னாடி என்ன எழுதியிருக்கோம், பின்னாடி என்ன எழுதியிருக்கோம்ன்றத பொறுத்து லூப் ஓடாததே ஒரு பெரிய முடிவா மாறிடும். இத பாருங்க, ஒரு ரெக்வெஸ்ட் வருது, அத அனுமதிக்கலாமான்னு பாக்கணும். அனுமதின்னு ஒரு வேரியபிள், ஆரம்பத்துல ட்ரூ. அப்புறம் ரூல் லிஸ்ட் மேல லூப், எந்த ரூலாவது ஒத்து வரலன்னா அனுமதிய ஃபால்ஸ் ஆக்கிட்டு வெளிய வந்துடு. கடைசில அனுமதிய ரிட்டர்ன் பண்ணு. படிக்க நல்லாத்தான் இருக்கு, டெஸ்ட்டும் பாஸ் ஆகும். இப்போ ரூல்ஸ் வர்ற கான்ஃபிக் ஃபைல் சரியா படிக்கல, ரூல் லிஸ்ட் நல் ஆயிடுச்சு. ஜாவாவா இருந்தா அந்த ரெக்வெஸ்ட் 500 எரரோட செத்துப் போகும், யாரோ போன் பண்ணுவாங்க, பாப்போம். சத்தமில்லாம தாண்டுற லாங்வேஜா இருந்தா அனுமதி ட்ரூவாவே இருக்கும், எல்லாரும் உள்ள வரலாம், யாரும் போன் பண்ண மாட்டாங்க. ஜாவாலயே ஒருத்தர் எக்ஸெப்ஷன் வருதேன்னு லூப்புக்கு மேல நல் செக் போட்டு லூப்ப தாண்ட வெச்சிருந்தாலும் இதே கதிதான், லாங்வேஜ் காப்பாத்தினத நாமளே கைய வெச்சு தட்டி விட்ட மாதிரி ஆயிடும்.

இது காலி லிஸ்ட்டுக்கும் பொருந்தும்தானேன்னு கேப்பீங்க, பொருந்தும். எல்லாமே சரியான்னு கேக்குற ஆல், எவ்ரி, ஆல்மேட்ச் எதுவா இருந்தாலும் காலிக்கு ட்ரூதான் குடுக்கும், கணக்கு அப்படித்தான், விதியே இல்லன்னா விதிய மீறல. ஆனா ரூல் ஒண்ணும் வேணாம்னு தெரிஞ்சே காலியா வெச்சது ஒரு ஆளோட முடிவு, ரூல் ஃபைல் படிக்க முடியலன்றது ஒரு கோளாறு. பெட்டிய தெறந்து பாத்தேன் ஒண்ணும் இல்லன்றதும், பெட்டியே என் கைக்கு வரலன்றதும் எப்படி ஒரே பதில் ஆகும்? லூப் ரெண்டையும் ஒண்ணா நடத்தினா அந்த வித்தியாசம் அந்த வரியோட செத்துப் போச்சு, அதுக்கப்புறம் கீழ எந்த கோடாலயும் அத திரும்ப கண்டுபிடிக்க முடியாது.

இதவிட பயமா இருக்குறது ஃபைல் சிங்க் மாதிரி வேலைகள். ஜாவால ஃபைல் கிளாஸ்ல லிஸ்ட்ஃபைல்ஸ்னு ஒரு மெத்தட் இருக்கு, ஃபோல்டருக்குள்ள இருக்குற ஃபைல்கள அரேவா தரும். ஃபோல்டர் காலியா இருந்தா காலி அரே. அந்த பாத் ஃபோல்டரே இல்லன்னாலோ, படிக்கும்போது ஐஓ எரர் வந்தாலோ நல். ஒரு டூல் எழுதுறீங்க, சோர்ஸ் ஃபோல்டர்ல இருக்குற ஃபைல் பேர்கள ஒரு செட்ல சேக்குது, அப்புறம் பேக்கப் ஃபோல்டர்ல ஒவ்வொரு ஃபைலா பாத்து, அந்த செட்ல இல்லாதத அழிக்குது, ஏன்னா சோர்ஸ்ல அழிஞ்சது பேக்கப்லயும் அழியணும். சோர்ஸ் டிஸ்க் மவுன்ட் ஆகல, லிஸ்ட்ஃபைல்ஸ் நல் தருது. மொத லூப்லயே எக்ஸெப்ஷன் வந்துச்சுன்னா டூல் நின்னுச்சு, ஒண்ணும் அழியல. யாரோ "நல் வந்தா காலி அரேன்னு எடுத்துக்கோ"ன்னு ஒரு வரிய சேத்திருந்தா மொத லூப் சும்மா தாண்டிடும், செட் காலி, ரெண்டாவது லூப் பேக்கப் மொத்தத்தையும் அழிச்சிடும். அந்த ஒரு வரி ரிவ்யூல பாக்க எவ்ளோ பொறுப்பான வரி மாதிரி தெரியும்னு யோசிச்சுப் பாருங்க. அதனாலதான் லூப்புக்கு மேல அப்படி ஒரு வரிய பாத்தா நான் அங்க நிறுத்தி, "இந்த நல் எங்கிருந்து வருது, அது என்ன சொல்லுது"ன்னு கேக்காம அப்ரூவ் பண்றதில்ல. பின்னாடி வந்த ஃபைல்ஸ் கிளாஸ்ல இருக்குற லிஸ்ட் மெத்தட் இந்த எடத்துல எக்ஸெப்ஷன்தான் போடும், நல் தராது, புது கோட்ல அதத்தான் எடுக்கணும்.

இப்போ கோ லாங்வேஜுக்கு வர்றேன், ஏன்னா அது இதுக்கு நேர் எதிர் பக்கம் நின்னுட்டு அதுக்கு நியாயமும் வெச்சிருக்கு. கோல லிஸ்ட்டுக்கு ஸ்லைஸ்னு பேர், நல்லுக்கு நில், லூப்புக்கு ரேஞ்ச், நில் ஸ்லைஸ் மேல ரேஞ்ச் போட்டா பூஜ்யம் சுத்து, லென் கேட்டா 0, அப்பெண்ட் பண்ணினா அழகா புது ஸ்லைஸ் வந்துடும். அங்க நில் ஸ்லைஸ்ன்றது இன்னும் ஒண்ணும் போடாத ஸ்லைஸ், அவ்ளோதான், படிக்க முடியாம போச்சுன்றத சொல்ல தனியா எரர்னு ரெண்டாவது ரிட்டர்ன் வேல்யூ இருக்கு. கோளாறு ஒரு வழியா வருது, டேட்டா இன்னொரு வழியா வருது, ரெண்டையும் ஒரே நல்லுக்குள்ள திணிக்கல, அதனால அங்க சத்தமில்லாத லூப் ஆபத்து ரொம்ப கம்மி, எரர செக் பண்ணாம விட்டாதான் பிரச்சன. ஆனா இதையே எல்லாத்துக்கும் நம்பிட முடியாது. நில் மேப்ப லூப்ல படிக்கலாம், அதுல எழுதப் போனா பேனிக், அதாவது புரோகிராம் விழுந்துடும். நில் சேனல் மேல ரேஞ்ச் போட்டா பூஜ்யம் சுத்தும் இல்ல, எரரும் இல்ல, அந்த கோரூட்டின் (கோல தனியா ஓடுற வேலை) அங்கயே காலத்துக்கும் நிக்கும்.

கோவோட இந்த தாராளம் நெட்வொர்க்க தாண்டும்போது என்ன ஆகுதுன்றதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. அந்த லாங்வேஜோட வழக்கமான ஜேசன் (டேட்டாவ எழுத்தா மாத்தி அனுப்புற வடிவம்) பேக்கேஜ் நில் ஸ்லைஸ நல்-னு எழுதும், காலி ஸ்லைஸ சதுர பிராக்கெட் ரெண்டா எழுதும். சர்வர் எழுதினவருக்கு ரெண்டும் ஒண்ணுதான், அவரோட லூப்ல வித்தியாசமே தெரியாது, டெஸ்ட்ல லென் 0ன்னு பாத்து பாஸ் ஆகியிருக்கும். அந்தப் பக்கம் பிரவுசர்ல ஃபோர் ஆஃப் போட்டு வெச்சவரோட ஸ்க்ரீன் வெள்ளையா போயிடும். ரெண்டு பேர் கோடும் அவங்கவங்க லாங்வேஜ்ல தப்பே இல்ல, நடுவுல இருக்குற ஒப்பந்தத்துலதான் ஓட்டை. இதுக்கு சரியான எடம் சர்வர்தான், வெளிய அனுப்பறதுக்கு முன்னாடி நில் ஸ்லைஸ காலி ஸ்லைஸா மாத்திடணும், இல்லன்னா அந்த ஏபிஐய கூப்பிடுற ஒவ்வொரு கிளையன்ட்டும் தனித்தனியா செக் எழுதிட்டு இருக்கணும், அதுல ஒருத்தர் கட்டாயம் மறப்பார்.

டேட்டாபேஸும் இப்படி நல்லை தயார் பண்ணி அனுப்பும். போஸ்ட்கிரெஸ்ல அரே_ஆக் போட்டு ரோக்கள ஒரு அரேவா சேக்குறோம், ஒரு ரோ கூட பொருந்தலன்னா காலி அரே வரும்னு எதிர்பாப்போம், வர்றது நல். ஜேசன்_ஆக்கும் அப்படியே. கோலெஸ் (நல் வந்தா பதிலுக்கு வேற ஒண்ண தர்ற ஃபங்ஷன்) போட்டு காலி அரே குடுக்கணும், இங்க அது நியாயமான மாத்தல், ஏன்னா இந்த நல்லுக்கு "ஒரு ரோவும் இல்ல"ன்றது தவிர வேற அர்த்தம் கிடையாது. அதே போஸ்ட்கிரெஸ்ல ஸ்டோர்ட் ப்ரொசீஜருக்குள்ள பிஎல்பிஜி எஸ்க்யூஎல்ல ஃபோர்ஈச் லூப்புக்கு நல் அரே குடுத்தா நல் இருக்கக் கூடாதுன்னு எரர் போடும், அன்நெஸ்ட் ஃபங்ஷனுக்கு அதே நல் அரேவ குடுத்தா சத்தமில்லாம பூஜ்யம் ரோ தரும். ஒரே டேட்டாபேஸ்க்குள்ளயே ரெண்டு நடத்தை.

சில லாங்வேஜ்ல நடக்குறது நெனச்சே பாக்க முடியாத மாதிரி இருக்கும், அதையும் சொல்லிடறேன். பவர்ஷெல் 3க்கு முன்னாடி ஃபோர்ஈச்ல நல் குடுத்தா லூப் ஒரு தடவ சுத்தும், சுத்துற வேரியபிள்ல நல் இருக்கும். 2012ல வெர்ஷன் 3ல அத பூஜ்யம் சுத்துன்னு மாத்தினாங்க, ஆனா பைப் வழியா ஃபோர்ஈச் ஆப்ஜெக்ட்டுக்கு நல்லை தள்ளினா இன்னும் ஒரு தடவ ஓடத்தான் செய்யும். ஆர் லாங்வேஜ்ல நல் மேல நேரா லூப் போட்டா சுத்தாது, ஆனா பழக்கத்துல 1ல இருந்து லெங்த் வரைக்கும்னு எழுதினா, லெங்த் 0, ஒண்ணுல இருந்து பூஜ்யம் வரைக்கும்னு அது பின்னோக்கி எண்ணும், லூப் 1க்கு ஒரு தடவ, 0க்கு ஒரு தடவன்னு ரெண்டு சுத்து ஓடும், அதனாலதான் அங்க சீக் அலாங் (லெங்த் 0ன்னா ஒரு சுத்தும் தராத ஃபங்ஷன்) போடுங்கன்னு எல்லாரும் சொல்றது. பேர்ல்ல டிஃபைன் ஆகாத ஒரு ரெஃபரன்ஸ் மேல ஃபோர்ஈச் போட்டா எரர் வராது, அந்த வேரியபிளே ஒரு காலி அரேவா மாறி நிக்கும், லூப் போட்டதே டேட்டாவ மாத்திடுச்சுன்னு அர்த்தம். ரஸ்ட்ல ஆப்ஷன் (ஒரு வேல்யூ இருக்கலாம், இல்லாமயும் போகலாம்னு சொல்ற டைப்) மேல லூப் போடலாம், அது உள்ள இருக்குற வெக்டர சுத்தாது, ஆப்ஷனயே பூஜ்யம் இல்ல ஒண்ணு இருக்குற கலெக்‌ஷனா நெனச்சு சுத்தும், கம்பைலர் இத பாத்தா வார்னிங் தரும், மதிச்சு கேக்கணும்.

டேட்டாவ நிரப்பி வெப் பேஜ் தயார் பண்ற டெம்ப்ளேட் எஞ்சின்கள் பெரும்பாலும் சாது. ஜாங்கோ டெம்ப்ளேட்ல ஃபோருக்கு நன் குடுத்தா காலி லிஸ்ட்னு எடுத்துக்கும். ஜின்ஜால வேரியபிளே குடுக்கலன்னா லூப் சும்மா தாண்டும், ஆனா நன்-னு குடுத்தா டைப் எரர், அதனால ஜாங்கோல இருந்து அங்க மாறுறவங்க டெம்ப்ளேட்கள திரும்ப ஒரு தடவ ஓட்டிப் பாத்துக்கணும்.

இந்த குழப்பத்தோட வேர தேடினா 1965க்கு போகணும். டோனி ஹோர் ஆல்கால் டபிள்யூன்ற லாங்வேஜுக்கு ரெஃபரன்ஸ் டைப்கள டிசைன் பண்ணும்போது நல் ரெஃபரன்ஸ்ன்ற விஷயத்த அதுல வெச்சார், 2009ல ஒரு மாநாட்டுல அத தன்னோட பில்லியன் டாலர் தப்புன்னு அவரே சொன்னார், செய்யறதுக்கு ரொம்ப சுலபமா இருந்ததால வெச்சுட்டேன்னார். ஆனா அதுக்கும் முன்னாடியே வந்த லிஸ்ப்ல நில்ன்றதே காலி லிஸ்ட்தான், அங்க "லிஸ்ட் இல்ல"ன்னு தனியா ஒரு நெலமையே கிடையாது, லூப்புக்கு சந்தேகமே வராது. இன்னொரு பக்கம் ஸ்விஃப்ட், கோட்லின் ரெண்டும் நல் ஆகக்கூடிய லிஸ்ட் மேல லூப் போட்டா கம்பைல் பண்ணவே விடாது, டைப்ஸ்கிரிப்ட்ல ஸ்ட்ரிக்ட் நல் செக்ஸ் ஆன் பண்ணினா அதேதான், சி ஷார்ப் 8ல இருந்து நல்லபிள் செட்டிங்க ஆன் பண்ணினா வார்னிங்கா வருது. எனக்கு இதுதான் ரொம்ப பிடிச்ச வழி, ஏன்னா என்ன செய்யணும்ன்ற முடிவ எழுதுற ஆள் எழுதுற நேரத்துலயே எடுத்தாகணும், கோட்லின்ல ஆர்எம்ப்டின்னு நாம டைப் பண்ணும்போது "நல் வந்தா காலின்னு எடுத்துக்கறேன்"னு கையெழுத்து போடுறோம். ஆனா கோட்லின்லயும் ஜாவா லைப்ரரில இருந்து வர்ற லிஸ்ட் நல் ஆகுமா ஆகாதான்னு கம்பைலருக்கு தெரியாது, அனோட்டேஷன் இல்லன்னா அத நம்பி விட்டுடும், லூப் வரியில அதே பழைய எக்ஸெப்ஷன் வரும்.

அப்போ எல்லா எடத்துலயும் நல் செக் போடணுமான்னா, வேணாம். உள்ளுக்குள்ள நாம எழுதுற ஃபங்ஷன் லிஸ்ட் தர்றேன்னு சொன்னா லிஸ்ட்தான் தரணும், ஒண்ணும் இல்லன்னா காலி, முடியலன்னா எரர், நல் தரவே கூடாது. ஜாவால காலி லிஸ்ட் குடுக்க கலெக்‌ஷன்ஸ் கிளாஸ்ல எம்ப்டி லிஸ்ட் இருக்கு, ஒவ்வொரு தடவையும் புது ஆப்ஜெக்ட் கூட உருவாகாது, அதனால மெமரி வீணாகுதுன்ற வாதத்துக்கு எடமே இல்ல. நல் வர்றது பெரும்பாலும் வெளிய இருந்துதான், ஜேசன், டேட்டாபேஸ், கான்ஃபிக், பழைய லைப்ரரி. அந்த வாசல்லயே நிறுத்தி, இந்த நல்லுக்கு என்ன அர்த்தம்னு முடிவு பண்ணி, காலியா மாத்தணுமா எரர் போடணுமான்னு ஒரு தடவ எழுதிட்டா உள்ள இருக்குற லூப்கள் எல்லாம் சுத்தமா இருக்கும்.

வாசல்ல முடிவு பண்ணும்போது ஜேசன்ல மூணு நெலம இருக்குன்றத மறந்துடாதீங்க, கீ இல்ல, கீ இருக்கு ஆனா நல், கீ இருக்கு காலி அரே. ஜேசன் மெர்ஜ் பேட்ச்னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, ஆர்எஃப்சி 7396, அதுல மூணுக்கும் மூணு அர்த்தம், கீ இல்லன்னா அத தொடாத, நல் வந்தா அந்த ஃபீல்ட தூக்கிடு, காலி அரே வந்தா இருக்குறதுக்கு பதிலா காலிய வை. அங்க போய் நல்லை காலின்னு மாத்தினா யூசர் கேட்டது ஒண்ணு நாம செஞ்சது ஒண்ணு. ப்ரோட்டோபஃப்ல (ஜேசன் மாதிரியே டேட்டா அனுப்புற இன்னொரு வடிவம்) லிஸ்ட்டா வர்ற ரிப்பீட்டட் ஃபீல்டுக்கு நல்லே கிடையாது, அனுப்பாததும் காலியா அனுப்பினதும் ஒண்ணுதான், அதனால இந்த வித்தியாசம் வேணும்னா தனியா ஒரு ஃபீல்ட் வெச்சுக்கணும்.

இதே மூணு நெலமைலதான் டிஃபால்ட் வேல்யூவும் கைய விரிக்கும். பைத்தான்ல டிக்ட் மேல கெட் கூப்பிட்டு, ஐட்டம்ஸ்ன்ற கீ, அது இல்லன்னா காலி லிஸ்ட்னு குடுக்குறோம், இனிமே நன் வராதுன்னு நெனச்சு அடுத்த வரியில லூப். கீயே இல்லன்னா காலி லிஸ்ட் வரும், சரி. கீ இருந்து அதோட வேல்யூ நன் ஆ இருந்தா கெட்டுக்கு அது ஒரு முறையான வேல்யூ, டிஃபால்ட்ட தொடவே தொடாது, நன் தான் கைக்கு வரும், லூப் விழும். ஜாவாஸ்கிரிப்ட்ல ஃபங்ஷன் பாராமீட்டருக்கு காலி அரேவ டிஃபால்ட்டா வெச்சாலும் இதேதான், அன்டிஃபைண்ட் (வேல்யூவே குடுக்கலன்ற குறி) வந்தா மட்டும் டிஃபால்ட், நல் வந்தா நல்லே உள்ள வரும். ஜாவால ஜாக்சன்ற லைப்ரரிய வெச்சு ஜேசன படிக்கும்போது, கிளாஸ்ல ஃபீல்டுக்கு காலி லிஸ்ட் போட்டு ஆரம்பிச்சு வெச்சிருந்தாலும் கீ வராத வரைக்கும்தான் அது நிக்கும், நல்-னு வெளிப்படையா வந்தா அந்த காலி லிஸ்ட்ட அழிச்சுட்டு நல்லை வெச்சிடும், அத காலியா எடுத்துக்கன்னு சொல்ல வெர்ஷன் 2.9ல இருந்து செட்டிங் இருக்கு. அதனால லிஸ்ட் வாங்குற எந்த எண்ட்பாயின்ட்டுக்கு டெஸ்ட் எழுதினாலும் கீ இல்லாம ஒரு ஜேசன், நல்லோட ஒரு ஜேசன், காலி அரேவோட ஒரு ஜேசன்னு மூணையும் அனுப்புங்க, முடிஞ்சா லிஸ்ட் இருந்து அதுக்குள்ள ஒரு எலிமென்ட் மட்டும் நல்-ஆ இருக்குற நாலாவதையும் சேத்துக்கோங்க, அது வந்தா லூப் தலைப்ப ஒழுங்கா தாண்டிட்டு பாடிக்குள்ள போய் விழும்.